நாலு நிமிஷக் கப்பல்!

உங்கள் வீட்டு மிக்ஸியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது தெருக்கோடி வரை கேட்கிறதே, அந்த மோட்டார் பெரும்பாலும் 750 வாட். கிட்டத்தட்ட ஒரு குதிரை சக்தி. அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சக்தியை, இரண்டே கிலோ எடையுள்ள குட்டிப் படகு ஒன்றில் வைத்து ஏரியில் விட்டால் என்ன ஆகும்?

மணிக்கு 61 கிலோமீட்டர் ஆகும்!

கூடவே வேறு சிலதும் ஆகும். பேங்க் பாலன்ஸ் இளைக்கும். வீட்டில் பேச்சு கேட்க வேண்டிவரும். கொஞ்சம் அசந்தால் ஓர் உயிரும் போகப் பார்க்கும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஏரி நிறைந்த கதை

சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹார்ன் அடித்திருக்கிறீர்களா? அப்படியானால் முண்டியம்பாக்கம் உங்களுக்குத் தெரியும். விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே ஒரு சர்க்கரை ஆலை, ஒரு ரயில்வே ஸ்டேஷன், ஓர் அரசு மருத்துவக் கல்லூரி... அவ்வளவுதான். அமைதியான ஊர். 2024 டிசம்பர் 2-ம் தேதி மட்டும் எல்லா டி.வி.யிலும் இந்த ஊர்ப் பெயர் வந்தது. ஃபெஞ்சல் புயல்! பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டிப் பாய, தென்மாவட்ட ரயில்கள் அங்கங்கே நின்றுபோயின.

வெள்ளம் வடிந்தது. வயல்களில் அழுகல் நாற்றம். பயிர் போனவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊருக்கு வெளியே ஏரி மட்டும் கரை தளும்ப, 'எனக்கென்ன?' என்று நின்றது.

அந்தக் கரையில் வைத்துத்தான் என் நண்பன் ஆரம்பித்தான். விழுப்புரத்தில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன்.

"டேய், இவ்ளோ தண்ணிய வச்சிக்கினு சும்மா பாத்துக்கினு இருக்கறதா? போட் வுடலாம்டா."

"பரிசலா?"

"ரிமோட் போட்டுடா! எலெக்ட்ரிக்கு. அறுபது கிலோமீட்டர் ஸ்பீடு. நானே செய்யறேன். நீ கணக்கு மட்டும் பாத்துக்க."

நான் பி.காம். கணக்கு பார்ப்பதென்றால் எனக்கு லட்டு. ஆனால் 'கணக்குப் பார்ப்பது' என்று அவன் சொன்னதன் அர்த்தம் 'பாதிப் பணம் கொடுப்பது' என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மயிலத்து டப்பா முதல் டெஸ்லா வரை

எங்கள் இருவருக்குமே படகு ஆசை பழசு. சின்ன வயசில் மயிலம் பங்குனி உத்திரத் திருவிழாவில் தகரப் படகு வாங்குவோம். உள்ளே ஒரு குட்டி விளக்கு. அதற்கு மேலே தட்டையான தகர டப்பா, பின்னால் இரண்டு குழாய். விளக்கைக் கொளுத்தினால் டப்பாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குழாய்த் தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீரை மறுபடி உள்ளே இழுக்கும். 'டப டப டப' என்று அண்டாவுக்குள் சுற்றிச் சுற்றி வரும். வேகம்? எறும்பு நீந்தினால் ஜெயித்துவிடும்.

ரிமோட் படகும் ஒன்றும் நேற்றுப் பிறந்ததில்லை. உலகத்திலேயே ரேடியோ அலையால் கட்டுப்படுத்தப்பட்ட முதல் வண்டிகளில் ஒன்று, ஒரு படகுதான்! 1898-ல் நியூயார்க் மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் நிகோலா டெஸ்லா அதை ஓட்டிக் காட்டினார். உள்ளே பாட்டரி, மோட்டார், சுக்கான். கரையில் அவர். நடுவில் ஒயர் இல்லை. அதே வருஷம் நவம்பர் 8-ம் தேதி அவருக்கு அமெரிக்க பேடன்ட் கிடைத்தது, எண் 613,809. ரேடியோ என்ற சமாசாரமே ஜனங்களுக்குப் பழக்கமாகாத காலம். பார்த்தவர்கள் வாய் பிளந்து நின்றிருப்பார்கள்.

இன்றைக்கு அந்த வேலையை உள்ளங்கையளவு ரிசீவர் செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வீட்டு வைஃபை ஓடும் அதே ரோடு. குறைந்த சக்தியில் இதைப் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு 2005-லேயே சொல்லிவிட்டது. ஆகவே போலீஸ் பயம் இல்லை. வீட்டு பயம்தான்.

பற்று... பற்று... பற்று!

நான் எழுதிய பேரேட்டை அப்படியே தருகிறேன். வரவுப் பக்கம் காலி என்பதால் பற்றுப் பக்கம் மட்டும்.

மோட்டார் 3,500 ரூபாய். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. என்கிற பெட்டி 5,000. பாட்டரி 5,000. அதற்கு சார்ஜர் 3,500. கையில் பிடிக்கும் ரிமோட்டும் ரிசீவரும் 4,500. சுக்கானைத் திருப்பும் சர்வோ 900. ஷாஃப்ட், புரொப்பெல்லர், பின்னால் மாட்டும் உலோகச் சாமான்கள் 3,500. படகின் உடம்புக்கு ஃபைபர் துணி, ரெசின், பட்டி, உப்புத்தாள் 2,500. ஆக மொத்தம் 28,400.

"ஏங்க, இந்தக் காசுக்கு நெஜமாவே ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே, செகண்ட் ஹேண்டுல?" என்றாள் என் மனைவி. பேரேட்டை மூடிவைத்தேன்.

தெர்மகோல் காட்டிய மாயாஜாலம்

படகின் உடம்பைக் கடையில் வாங்க நண்பனுக்கு இஷ்டமில்லை. 69 செ.மீ. நீளம், அடிப்பாகம் 'வி' எழுத்து மாதிரி. தெர்மகோலை அடுக்கி ஒட்டி, ஆக்ஸா பிளேடால் அறுத்து, மூன்று ராத்திரி உட்கார்ந்து உப்புத்தாள் போட்டான். அச்சு அசலாகப் படகு! அதன் மேல் ஃபைபர் துணியை விரித்து, ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதா ரெசினைக் கலந்து ஊற்றினோம்.

இரண்டே நிமிஷம். தெர்மகோல் உள்ளே போய்விட்டது! வெயிலில் வைத்த குல்ஃபி மாதிரி கரைந்து, பள்ளம் விழுந்து, கடைசியில் துணிதான் மிச்சம்.

விஷயம் என்னவென்றால், சாதா பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. தெர்மகோல் என்பது பாலி-ஸ்டைரீன். இரண்டும் ஒரே குடும்பம். பங்காளியைப் பார்த்ததும் உருகிவிடுகிறது! எபாக்ஸி ரெசின் என்றால் இந்தச் சங்கடம் இல்லை, விலைதான் கூட. இரண்டாவது தடவை புது தெர்மகோலுக்கு மேலே பிரவுன் டேப்பை மடிப்பில்லாமல் ஒட்டி, எபாக்ஸி போட்டோம். காய்ந்ததும் உள்ளேயிருந்த தெர்மகோலைப் பெயர்த்து எடுத்தோம். முட்டை ஓடு மாதிரி கைக்கு வந்தது படகு. பெயர்த்த தெர்மகோல் துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி, பரணில் போட்டான் நண்பன்.

"குப்பையில போடேண்டா!"

"கெடக்கட்டும். எதுக்காவது ஆவும்."

இந்த சாக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பரில் ஓடிய படகு

இப்போது என் டிபார்ட்மென்ட். ஒரு படகு எவ்வளவு வேகம் போகும் என்பதை அதை ஏரியில் விடாமலே கணக்குப் போடலாம்.

மோட்டாரின் மேல் '2000 கே.வி.' என்று போட்டிருக்கும். கிலோ வோல்ட் என்று பயந்துவிடாதீர்கள். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்று அர்த்தம். எங்கள் பாட்டரி நாலு செல், 14.8 வோல்ட். பெருக்கினால் 29,600 சுற்று. புரொப்பெல்லரின் விட்டம் 38 மி.மீ. அதன் வளைவைப் பொறுத்து, ஒரு முழுச் சுற்றுக்கு, மரத்தில் ஸ்க்ரூ இறங்குகிற மாதிரி, 53 மி.மீ. முன்னேற வேண்டும். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 94 கிலோமீட்டர்!

நண்பன் துள்ளிக் குதித்தான். "இரு, இரு. இது கிராஸ் சம்பளம். பிடித்தம் போகணும்" என்றேன். தண்ணீரை அறுக்கும் சுமையில் மோட்டார் சுற்று ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். தண்ணீர் மரமில்லை, வழுக்கும். அதில் 15 சதவீதம். கைக்கு வருவது 64 கிலோமீட்டர்.

பாட்டரிக்கும் இதே மாதிரி கணக்குதான். 5,000 மில்லி ஆம்ப்-அவர் என்று எழுதியிருந்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் ஊதிப்போகும். ஆக 4 ஆம்ப்-அவர். ஓடும்போது சராசரியாக 60 ஆம்பியர் குடிக்கிறது. 14.8 வோல்ட்டால் பெருக்கினால் 888 வாட். சொன்னேனே, மிக்ஸியைவிட ஜாஸ்தி! 4-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு மணியில் பதினைந்தில் ஒரு பங்கு. அதாவது நாலு நிமிஷம்!

ஒரு மணி நேரம் சார்ஜ். நாலு நிமிஷ ஓட்டம். தீபாவளி பட்சணம் மாதிரி. பண்ண ஒரு நாள், தட்டு காலியாக ஒரு நிமிஷம்.

இந்த பாட்டரி செல்போன் பாட்டரியின் முரட்டு அண்ணன். லித்தியம் பாலிமர். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலோ, அடிபட்டு உள்ளே ஷார்ட் ஆனாலோ புஸ்ஸென்று தீப்பிடிக்கும். எனவே வாசலில் மண்சட்டி, சுற்றிலும் மணல், நடுவில் பாட்டரி. சார்ஜ் ஏறும் வரை பக்கத்தில் ஒரு ஆள். நண்பனின் அம்மா தினம் பார்த்துவிட்டு, "இன்னாடா, எதுக்குடா காவ காக்கறீங்க?" என்பார். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிற வேலை மட்டும் கூடவே கூடாது.

ஒரு மில்லிமீட்டர் சமாசாரம்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரியில் காற்றில்லை. முதல் ஓட்டம். படகுக்குள் வைத்த குட்டி ஜி.பி.எஸ். காட்டிய வேகம் என்ன தெரியுமா? 34!

பேப்பரில் 64, ஏரியில் 34. படகு தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போனது. எனக்குத் தெரிந்து எந்த ஆடிட்டரும் இந்த வித்தியாசத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார்.

"பவர் பத்தல. பெரிய மோட்டார் போட்டா..." என்று ஆரம்பித்தான் நண்பன். இங்கேதான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறோம். வேகப் படகு தண்ணீரில் நீந்துவதில்லை. தண்ணீரின் மேல் வழுக்குகிறது. அடிப்பாகத்தில் எவ்வளவு குறைவாகத் தண்ணீர் தொடுகிறதோ, அவ்வளவு வேகம். மோட்டாரின் சக்தி முதலில் இந்த ஈரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஈரத்தைக் குறைத்தால் அதே மோட்டார் போதும். ரொம்பக் குறைத்தாலோ...

1967 ஜனவரி 4. இங்கிலாந்தில் கானிஸ்டன் ஏரி. டொனால்ட் காம்ப்பெல் தன் 'ப்ளூபேர்ட்' ஜெட் படகில் உலக சாதனைக்குப் போனார். முதல் ஓட்டத்தில் மணிக்கு 470 கி.மீ.க்கு மேல். திரும்பும் ஓட்டத்தில் படகின் மூக்கு கொஞ்சம் தூக்கியது. அடியில் காற்று புகுந்தது. படகு ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடித்துத் தண்ணீரில் மோதி நொறுங்கியது. அவர் உடல் கிடைத்தது 34 வருஷம் கழித்து, 2001-ல்தான். பொம்மைப் படகுக்கும் இதே சட்டம்தான். மூக்கு அமுங்கினால் வேகம் போச்சு. அதிகம் தூக்கினால் படகே போச்சு. நடுவில் ஒரு மெல்லிய கோடு. அதைத் தேடுவதற்குப் பெயர்தான் ட்யூனிங்.

நாங்கள் தேடியதைச் சொல்கிறேன். யாராவது செய்து பார்க்க நினைத்தால் உதவும்.

முதலில் எடை. பாட்டரியோடு சேர்த்துப் படகை இரண்டு விரல்களில் நிறுத்தினால், அது சமமாக நிற்கிற புள்ளி பின்பக்கத்திலிருந்து நீளத்தில் 30 சதவீதத்தில் இருக்க வேண்டும். எங்கள் படகுக்கு ஏறக்குறைய 21 செ.மீ. எங்களுடையது 18-ல் இருந்தது. பாட்டரியை முன்னே தள்ளினோம். தவளைக் குதி நின்றது. வேகம் 40.

அடுத்து ஓரங்கள். நண்பன் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று படகின் அடி ஓரங்களை மழுமழுவென்று உருட்டியிருந்தான். தண்ணீருக்கு அது பிடிக்காது, இல்லை, ரொம்பப் பிடிக்கும்! டீ டம்ளரைச் சாய்த்தால் டீ அதன் உடம்போடேயே ஒட்டிக்கொண்டு வழிகிறதே, அதே மாதிரி உருண்டையான ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். படகைக் கீழே இழுக்கும். பின்முனையில் பட்டி வைத்துக் கத்தி மாதிரி கூர்மையாக்கினோம். 49 ஆயிற்று. மோட்டாரைத் தொடவே இல்லை!

மூன்றாவது, புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட். இந்த மாதிரிப் படகில் புரொப்பெல்லர் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்காது. பாதி வெளியே, பாதி உள்ளே! ஸ்ட்ரட்டின் பின்முனை கீழே சாய்ந்திருந்தால் படகின் பின்பக்கம் தூக்கும், மூக்கு அமுங்கும். எங்களுடையது லேசாகச் சாய்ந்திருந்தது. அதைப் படகின் அடிப்பாகத்துக்கு இணையாக நிமிர்த்தி, ஒரே ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றினோம். 56.

நாலாவது, புரொப்பெல்லர். கடையிலிருந்து வருவது சாணை பிடிக்காத அரிவாள் மாதிரி. இரண்டு இலையையும் கூராக்கி, ஒரு கம்பியில் கோர்த்து, எந்தப் பக்கமும் தானாகக் கீழே இறங்காத வரை பாரமான இலையை உப்புத்தாளில் தேய்த்தான் நண்பன். லேத்துக்காரன் கை! 61.

பேப்பரில் 64, ஏரியில் 61. இந்தக் கணக்குக்கு நானே கையெழுத்துப் போடுவேன்.

இதற்கு நடுவில் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைப்பது வளையும் கேபிள். பைக்கில் ஸ்பீடாமீட்டருக்குப் போகுமே, அந்த ஜாதி. முறுக்கும்போது அது நீளத்தில் குறையும். ஆகவே பின்னால் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் கேபிளை உருவித் துடைத்து க்ரீஸ் போட வேண்டும். மோட்டாருக்கும் ஈ.எஸ்.சி.க்கும் சூடு தணிய ஏரித் தண்ணீரே குழாய் வழியாக உள்ளே ஓடுகிறது. பாசி அடைத்தால் தீர்ந்தது.

பேராசை 4 மில்லிமீட்டர்

61-ல் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனுஷ ஜென்மம் அல்லவா? எழுபதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நண்பன் 42 மி.மீ. புரொப்பெல்லர் ஒன்று வாங்கிவந்தான்.

"நாலு மில்லிமீட்டர்தாண்டா ஜாஸ்தி. இன்னா ஆயிடப் போவுது?"

நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பிறகு போட்டுப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. 38-லிருந்து 42 என்பது பத்தரை சதவீதம். ஆனால் சுற்று மாறாமல் இருந்தால், புரொப்பெல்லர் இழுக்கும் சக்தி அதன் விட்டத்தை ஐந்து தடவை பெருக்கிய கணக்கில் ஏறும். பத்தரை சதவீதக் கூட்டு வட்டிக்கு ஐந்து வருஷம் கடன் வாங்கினால் என்ன ஆகுமோ அது. 65 சதவீதம் அதிகம்! வட்டிக்கு வட்டி என்பது கந்துவட்டிக்காரரிடம் மட்டும் இல்லை ஸார், தண்ணீருக்குள்ளும் இருக்கிறது.

படகு சீறிக்கொண்டு கிளம்பியது. இருபது வினாடி. ஏரி நடுவில் ஒரு சின்னப் புகை. அப்புறம் நிசப்தம். 120 ஆம்பியர் ஈ.எஸ்.சி. கருகிவிட்டது. கரையிலிருந்து நூறு மீட்டர் தூரத்தில் 28,400 ரூபாய் ஆடாமல் அசையாமல் மிதந்துகொண்டிருந்தது.

நான் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நண்பன் சட்டையைக் கழற்றிவிட்டான்! பாண்ட்டை மடித்துக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா பண்றே?"

"நூறு மீட்டர்தான். கெணத்துல நீச்சலடிச்சவன்டா நானு."

எனக்கும் அது சரியென்றே பட்டது. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. 'ஜாக்கிரதைடா' என்றுதான் சொன்னேன். 'போகாதே' என்று சொல்லவில்லை.

கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் கத்தினார்.

"தம்பீ! சட்டயப் போடு!"

"நீச்சல் தெரியும் தாத்தா."

"தெரிஞ்சவந்தாம்ப்பா போறான். தெரியாதவன் எறங்கவே மாட்டானே! அந்த எடத்துல சவுடு அள்ளியிருக்கறாங்க. ரெண்டு ஆள் பள்ளம். முட்டி அளவு தண்ணியில நடந்துக்கினு இருப்பே, அடுத்த அடியில தலைக்கு மேல. அடியில சேறு. மேல பாசி காலச் சுத்திக்கும். பொம்மைக்காவ போவியா?"

நண்பன் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு சட்டையைப் போட்டான். பட்டன் போட அவன் கை லேசாக நடுங்கியது.

மழைக்காலம் முடிந்ததும் பேப்பரைப் பிரித்தால் எத்தனை தடவை படித்திருக்கிறோம். ஏரியில், குளத்தில், மண் எடுத்த பள்ளத்தில்... 'குளிக்கச் சென்ற', 'மீன் பிடிக்கச் சென்ற'. அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. 'ரிமோட் படகை எடுக்கச் சென்ற' என்று இன்னொரு செய்தி சேர்ந்திருக்கும். அடுத்த வரியில் என் பெயரும் வந்திருக்கும், 'உடனிருந்த நண்பர்' என்று.

மூவரும் கரையில் உட்கார்ந்தோம். பெரியவர் வெற்றிலை போட்டார். காற்று கிளம்பி, படகை மெல்ல எதிர்க்கரைக்குத் தள்ள இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் படகு லேசாகச் சாய்ந்துகொண்டே வந்தது. உள்ளே தண்ணீர் கசிந்திருக்கிறது. இன்னும் அரை மணி போயிருந்தால் முழுகியிருக்கும். போயிருந்தால்தான் என்ன?

பரண் சாக்கு

மறுநாள் நண்பன் பரணிலிருந்து சாக்கை இறக்கினான். அந்த தெர்மகோல் துண்டுகளைப் படகுக்குள் மூக்கிலும் ஓரங்களிலும் திணித்தான். இப்போது உள்ளே முழுக்கத் தண்ணீர் புகுந்தாலும் படகு முழுகாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கூடவே சில சட்டங்கள் போட்டுக்கொண்டோம். ஒன்று, படகு நின்றால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தூண்டில் நரம்பின் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி வீசி, இழுத்துக் கரைசேர்க்கலாம். பந்து எட்டாத தூரம் என்றால் காற்றுக்குக் காத்திருக்கலாம். இரண்டு, குளிக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், எருமை, நீர்க்கோழி எது இருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. இருபதாயிரத்துச் சொச்சம் சுற்றில் சுழலும் கூரான உலோகம் அது. விளையாட்டுச் சாமான் இல்லை. ஊசுட்டேரி மாதிரி பறவைகள் சரணாலயப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. மூன்று, ரிமோட் சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரில் செட் செய்ய வேண்டும். ஓட்டுவதற்கு முன்னால் கரையிலேயே ரிமோட்டை அணைத்து அதைச் சோதிக்க வேண்டும்.

'இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயமுத்தூர் குமரகுரு கல்லூரி மாணவர்கள் 'சீ சக்தி' என்று ஓர் அணி கட்டி, ஆளை ஏற்றிச் செல்லும் மின்சாரப் படகோடு 2022-ல் மொனாக்கோ எனர்ஜி போட் சேலஞ்சுக்குப் போனார்கள். அவர்கள் கலந்துகொண்ட பிரிவில் எல்லா அணிக்கும் மிதவை ஒன்றே, தருவது போட்டிக்காரர்கள். கிடைத்த சக்தியை யார் ஒழுங்காகச் செலவு செய்கிறார்கள் என்பதில்தான் சாமர்த்தியம். நாங்கள் பட்டி வைத்துத் தேய்த்ததும் அதே பாடம்தான், எல்.கே.ஜி. வகுப்பில். விசாகப்பட்டினத்தில் ரிமோட்டில் ஓடும் உயிர்காக்கும் மிதவை தயாராகிறது. முழுகுகிறவரிடம் அதை ஓட்டிக்கொண்டு போனால் அவர் பிடித்துக்கொள்ளலாம். இன்னொருவர் குதிக்க வேண்டியதில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நண்பனின் சட்டை பட்டன்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் கென் வார்பி. ஸிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில், விமானப் படை கழித்துப்போட்ட ஜெட் இன்ஜினை வைத்துப் படகு கட்டினார். 1978 அக்டோபர் 8-ம் தேதி ப்ளவரிங் அணைத் தண்ணீரில் மணிக்கு 511 கிலோமீட்டர். அந்த உலக சாதனையை இன்று வரை யாரும் முறியடிக்கவில்லை. சாதனைக்குப் பிறகும் நிறைய வருஷம் வாழ்ந்து, 2023-ல்தான் அவர் காலமானார். கொல்லையில் படகு கட்டுகிற எல்லோரும் அந்தக் கடைசி வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

புது ஈ.எஸ்.சி. வாங்கியாயிற்று. பேரேட்டில் மொத்தம் 33,400. மனைவியிடம் இன்னும் காட்டவில்லை. பழைய 38 மி.மீ. புரொப்பெல்லரே மறுபடி ஏறிவிட்டது. அந்த 42-ஐ நண்பன் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான், திருஷ்டிக்குக் கட்டிய பூசணிக்காய் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எருமைகளை மறுகரைக்கு ஓட்டி விட்டுவிட்டு, பெரியவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறார். நாலு நிமிஷம் கண் இமைக்காமல் பார்ப்பார். படகு கரைக்கு வந்ததும் முதல் கேள்வி அவருடையதுதான்.

"இன்னா தம்பி, இன்னிக்கி எத்தினி?"

"அறுபத்தொண்ணு தாத்தா."

"போதும், போதும்."